பரணில் இருக்கும் பழைய ரைபிள்: ஒரு தாழ்ப்பாளின் கதை

நம் குடியிருப்பில் பாதிப் பேராவது சொந்த ஊரில் இருந்த பெரிய வீட்டை விற்றோ, பூட்டி வைத்தோ இங்கே வந்தவர்கள்தான். பழைய வீட்டைக் காலி செய்யும்போது என்னவெல்லாம் வெளியே வரும் என்று உங்களுக்கே தெரியும். வெண்கலப் பானை, ஊஞ்சல் சங்கிலி, கிராமபோன் பெட்டி, மான் கொம்பு. சில வீடுகளில் அந்த மான் கொம்புக்குப் பக்கத்தில் தாத்தாவின் துப்பாக்கியும் இருக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டியோடு. பித்தளைப் பானையை யாருக்குக் கொடுப்பது என்று குடும்பத்தில் பேசி முடிவு செய்யலாம். துப்பாக்கியை அப்படிச் செய்ய முடியாது. அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறும் இருக்கிறது. இந்த இதழில் அந்த வரலாற்றைத்தான் சொல்லப்போகிறேன். கடைசிப் பகுதி உங்களில் சிலருக்கு நேரடியாகவே பயன்படலாம்.

வங்கியில் துப்பாக்கி என்றால் வாசலில் முன்னாள் ராணுவத்தினர் வைத்திருக்கும் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல்தான். அது வேறு ஜாதி. அதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். நான் சொல்லவருவது ரைபிள். அதன் குழலுக்குள் புரி வெட்டியிருக்கும். குண்டு அந்தப் புரியில் சுழன்றுகொண்டு வெளியே வருவதால் தடுமாறாமல் நேராகப் போகும். அதிலும் ‘போல்ட் ஆக்‌ஷன்’ என்ற வகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கதவுத் தாழ்ப்பாள்

போல்ட் என்றால் தாழ்ப்பாள். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் பால்கனிக் கதவின் டவர் போல்ட்டைப் பாருங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் கதவு திறக்கிறது. முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. போல்ட் ஆக்‌ஷன் ரைபிளும் இதையேதான் செய்கிறது. கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். கீழே மடக்கினால் பின்பக்கம் இறுகப் பூட்டிக்கொள்ளும்.

இந்த எண்ணத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தவர் டிரைஸே என்ற பிரஷ்யர். அவருடைய ஊசித் துப்பாக்கியை 1841-இல் பிரஷ்ய அரசு ஏற்றுக்கொண்டது. அதுவரை ராணுவத்தினர் நின்றுகொண்டுதான் மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியே கெட்டிக்க வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் வைத்த துப்பாக்கி வந்த பிறகு, படுத்தபடியே பின்பக்கம் திறந்து தோட்டா போட முடிந்தது. 1866-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய போரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த பெயர் மவுசர். ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்த பால் மவுசர் 1871 தொடங்கி ஒவ்வொரு மாதிரியாகத் திருத்திக்கொண்டே வந்து, 1898-இல் ஒரு அமைப்பை முடித்தார். அதை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை என்று வேட்டைத் துப்பாக்கி தெரிந்தவர்கள் பலர் சொல்வார்கள். முன்பக்கம் இரண்டு பூட்டுப் பற்கள், அவை தவறினாலும் காப்பாற்றப் பின்னால் மூன்றாவது பல். தோட்டா வெடித்து வாயு கசிந்தால் சுடுபவரின் கண்ணுக்கு வராமல் பக்கவாட்டில் போகத் துளைகள். தோட்டாவின் விளிம்பை முதலிலிருந்து கடைசி வரை பிடித்துக்கொண்டே போகும் ஒரு நீண்ட கொக்கி. ஆள் பதறினாலும், துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தாலும் தோட்டா நழுவாது.

அதே 1898-இல் கியூபாவில் ஸ்பானியர்கள் மவுசரின் முந்தைய மாதிரியை வைத்து அமெரிக்கர்களைத் திணறடித்தார்கள். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர்கள் அதே ரகத்தை வைத்து ஆங்கிலேயரைத் திணறடித்தார்கள். அமெரிக்கா 1903-இல் செய்துகொண்ட ராணுவ ரைபிளில் மவுசரின் அம்சங்கள் பல இருந்ததால், அவருக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டிவந்தது.

லண்டன் கடையில் ஒரு ஜெர்மன் தாழ்ப்பாள்

போர்க்கருவி வேட்டைக்கருவியானது இப்படித்தான். லண்டனில் ரிக்பி என்று ஒரு துப்பாக்கிக் கடை. அயர்லாந்தின் டப்ளினில் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பரம்பரை. அதன் தலைவர் ஜான் ரிக்பி, என்ஃபீல்டில் இருந்த ஆங்கிலேய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் மேற்பார்வையாளராகவே இருந்தவர். அரசுத் துப்பாக்கியின் நல்லது கெட்டது எல்லாம் தெரிந்தவர். அவர்தான் மவுசரின் அமைப்பை வாங்கி, வேட்டைக்காரர்களுக்கு ஏற்ற மெல்லிய குழல், வால்நட் மரக் கட்டை, நல்ல குறிமுள் எல்லாம் வைத்து விற்க ஆரம்பித்தார்.

ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்கு .275 என்று பெயர் வைத்தார்கள். 7 மில்லிமீட்டரை அங்குலமாக மாற்றிப் பாருங்கள், .2756 வரும். சரக்கு அதுதான், ஆங்கிலேய வாடிக்கையாளருக்காக அங்குலத்தில் ஒரு பெயர்.

இப்படி ஒரு .275 ரிக்பிதான் இந்தியாவிலேயே மிகப் புகழ்பெற்ற ரைபிளாக ஆனது. அதன் சொந்தக்காரர் ஜிம் கார்பெட்.

கார்பெட்டை வேட்டைக்காரராக நமக்குத் தெரியும். அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பீகாரில் கங்கைக் கரையில் மொக்காமே காட் என்ற இடத்தில், ரயில் சரக்கை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்த வேலையில் ஏறக்குறைய இருபது வருடம் இருந்தார். வேட்டை என்பது விடுமுறையில்தான். ஆட்கொல்லிகளைச் சுட்டதற்குப் பணம் வாங்கியதில்லை.

1907-இல் குமாவுன் மலையில் சம்பாவத் என்ற ஊரில் ஒரு பெண்புலியைச் சுட்டார். நேபாளத்தில் 200 பேரையும், அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவுனுக்கு வந்த பிறகு 200-க்கும் மேற்பட்டவர்களையும் கொன்ற புலி அது. மொத்தம் 436 என்று கணக்கு. நம் குடியிருப்பில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அந்த எண்ணின் கனம் புரியும்.

அதற்காக ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட், வெள்ளித் தகடு பதித்த ஒரு .275 ரிக்பியைக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார். உதவிய தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி, கூடப் போன கிராமத்து ஆளுக்கு ஒரு வேட்டைக் கத்தி. கார்பெட் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் தாசில்தாருக்கும் கிராமத்து ஆளுக்கும் கிடைத்ததைச் சொல்கிறார், தனக்குக் கிடைத்ததைச் சொல்லவில்லை.

சரிசெய்யாத துப்பாக்கி என்ன செய்யும்?

ரைபிள் வாங்கினால் போதாது, அதைச் சரிசெய்து வைக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஏன் என்பதற்கு இந்தச் சம்பாவத் புலியைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்தப் புலியைச் சுட்டபோது கார்பெட்டிடம் இருந்தது .500 ரைபிள், மூன்றே மூன்று தோட்டா. மூன்றும் தீர்ந்துவிட்டன. புலி காயத்தோடு நிற்கிறது. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். அதன் குழலுக்கும் பின்பூட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. வேறு வழியில்லை. இருபதடி தூரத்தில் நின்று, திறந்திருந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு போய்ப் பட்டது முன்னங்காலில். புலி ஏற்கெனவே பட்ட காயத்தால் விழுந்தது. உலகத்தின் மிகச்சிறந்த குறிகாரர்களில் ஒருவர், ஒரு அறையின் நீளத்துக்கு வெளியே இல்லாத தூரத்தில் நின்று சுட்டும் குறி தப்பியது என்றால், அந்தத் துப்பாக்கி எந்த நிலையில் இருந்திருக்கும்?

இதைவிடப் பெரிய விஷயம் அடுத்து வருகிறது. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலதுபக்க மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் அடியோடு இல்லை. என்றோ யாரோ சுட்ட குண்டு பட்டு நேர்ந்த காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதர்களைப் பிடிக்க ஆரம்பித்தது என்பது கார்பெட்டின் முடிவு. குறி தவறிய ஒரு குண்டு, காயம்பட்ட மிருகத்தைத் தேடிப்போய் முடிக்காமல் விட்ட ஒரு ஆள். அந்த அலட்சியத்துக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன. சுட்டவர் யார் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

சரிசெய்வது என்றால் என்ன? மூன்று வேலைகள்.

முதலாவது, ஆளுக்கு அளவெடுப்பது. சட்டை மாதிரிதான். கட்டை நீளமாக இருந்தால் தோளில் சிக்கும், குட்டையாக இருந்தால் உதைக்கும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். லண்டன் கடைகள் வாங்குபவரின் கை நீளம், கழுத்து, தோள் எல்லாம் பார்த்துக் கட்டையைச் செதுக்கின.

இரண்டாவது, குறி. குழல் முனையில் ஒரு சின்ன மணி. பின்னால் சிறு தகடுகள், ஒன்று நிலையாக நிற்கும், மற்றவை மடங்கும். நூறு கஜத்துக்கு ஒன்று, இருநூறுக்கு ஒன்று, முந்நூறுக்கு ஒன்று. குண்டு நேர்கோட்டில் போவதில்லை, எறிந்த கல்லைப் போல வளைந்து கீழே இறங்குகிறது. அதனால் தூரத்துக்குத் தக்கபடி குழலைச் சற்று உயர்த்த வேண்டும். காகித இலக்கில் ஒரே புள்ளியைக் குறிவைத்துப் பலமுறை சுடுவார்கள். குண்டுகள் எல்லாம் இடதுபக்கம் கூடினால் குறிமுள்ளை இடதுபக்கமே தட்டுவார்கள். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் முனை இடதுபக்கம் போனால் கண்ணோடு சேர்க்கும்போது குழல் வலதுபக்கம் திரும்பும். நம் வேலையில் டிரயல் பேலன்ஸ் போடுவதுபோல, ஒத்துவரும் வரை இதைச் செய்ய வேண்டும். எந்தத் தோட்டாவை வைத்துச் சரிபார்த்தோமோ அதே ரகத் தோட்டாவைத்தான் பிறகும் போட வேண்டும். குண்டின் எடை மாறினால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து.

மூன்றாவது, சுத்தம். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் இருந்த வெடிமருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. வெடித்த பிறகு அது ஒருவகை உப்பாகக் குழலுக்குள் படிந்துவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்று நமக்குத் தெரியாததா? கடற்கரை ஊர்க்காரர்கள் ஜன்னல் கம்பியைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். எண்ணெய் போட்டால் உப்பு கரையாது. கொதிக்கும் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றிக் கரைத்து, துடைத்து உலர்த்தி, அதன் பிறகுதான் எண்ணெய். பழைய ரைபிள்கள் பலவற்றின் குழல் உள்ளே அரித்துப்போய்க் கிடப்பதற்கு, தண்ணீரைத் தவிர்த்து எண்ணெயை மட்டும் நம்பியது ஒரு முக்கியக் காரணம்.

வெளிநாடுகளில் இன்று பழைய போல்ட் ஆக்‌ஷன் வாங்குபவர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்கள். குழலுக்குள் விளக்கு அடித்துப் புரி கூர்மையாக இருக்கிறதா, தாழ்ப்பாளில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். எண் வேறாக இருந்தால் தாழ்ப்பாள் வேறு துப்பாக்கியுடையது என்று அர்த்தம். பூட்டினாலும் உள்ளே தோட்டாவுக்கு இடம் கூடியோ குறைந்தோ போயிருக்கலாம். கூடியிருந்தால் தோட்டாக்கூடு கிழிந்து முகத்துக்கே வரும். அதனால் தெரிந்த மெக்கானிக் அளந்து பார்க்காமல் ஒரு குண்டுகூடச் சுடுவதில்லை. ரிக்பி போன்ற கடைகள் எந்த எண் துப்பாக்கி யாருக்கு, எப்போது விற்றது என்று பழைய லெட்ஜர்களை இன்றும் வைத்திருக்கின்றன. இத்தனை வருடம் லெட்ஜரோடு குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு இதில் தனிச் சந்தோஷம்.

கார்பெட் தன் .275-ஐ எப்படி வைத்திருந்தார் என்பதற்கு அவர் சுட்ட கதைகளே சாட்சி. 1918 முதல் எட்டு வருடம் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை, 1926 மே மாதம் ஒரு மாமரத்தின் மேல் உட்கார்ந்து, ரைபிளில் டார்ச் கட்டி, ஒரே குண்டில் முடித்தார். 1930-இல் சௌகர் பெண்புலி சில அடி தூரத்தில் எதிரே உட்கார்ந்திருக்க, இடதுகையில் பறவை முட்டைகளை வைத்துக்கொண்டு, வலதுகையால் மட்டும் ரைபிளை அங்குலம் அங்குலமாகத் திருப்பிச் சுட்டார். கனமான இரட்டைக்குழல் ரைபிளாக இருந்திருந்தால் ஒற்றைக்கையால் அது நடந்திருக்காது.

யாருக்குத் துப்பாக்கி, யாருக்கு இல்லை

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. ஒரு ஆங்கிலேயருக்கு அரசே வெள்ளித் தகடு பதித்துத் துப்பாக்கி கொடுத்த அதே காலத்தில் நம்மவர்களின் நிலை என்ன?

1857-க்குப் பிறகு ஆங்கிலேய அரசுக்கு இந்தியர் கையில் ஆயுதம் என்றாலே பயம். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது சட்டம். ஐரோப்பியர்களுக்கு விலக்கு, பட்டமும் பதவியும் பெற்ற சில இந்தியர்களுக்கு விலக்கு. மற்றவர்கள் மனுப் போட வேண்டும். நமக்குப் பக்கத்தில் குடகு மலையைச் சேர்ந்த கொடவர்களுக்கும் விலக்கு இருந்தது, அது இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு நம் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் நடந்தது. அங்கே இந்தச் சட்டத்தைப் பற்றித் தீர்மானம் வந்தது. பிபின் சந்திர பால் என்ற இளைஞர் எழுந்து, ஆளைப் பார்த்து பாகுபாடு காட்டும் சட்டம் என்று பேசினார். பிற்காலத்தில் லால், பால், பால் என்று மூவராகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் இவர். அகிம்சைக்குப் பெயர்போன காந்தியும், 1930 ஜனவரியில் வைஸ்ராய் இர்வினிடம் வைத்த பதினோரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பதை ஒன்றாகச் சேர்த்திருந்தார். அதே பட்டியலில் இருந்த உப்பு வரி மட்டும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. சுடுவது அவர் நோக்கமில்லை. ஒரு ஆங்கிலேயருக்குக் கிடைப்பது இந்தியருக்குக் கிடைக்கக் கூடாது என்பதில் இருந்த அவமானம்தான் அவர்கள் எல்லோருக்கும் உறுத்தியது.

இன்னொரு தடையும் வந்தது. ஆங்கிலேய ராணுவத்தின் ரைபிள் .303 அளவு. சிப்பாய்களிடமிருந்து திருடிய தோட்டா தனியாரின் துப்பாக்கியில் பொருந்திவிடுமே என்று, 1907-ஐ ஒட்டி .303, .450 போன்ற அளவுகளைத் தனியார் வைத்திருக்க இந்தியாவில் தடை போட்டார்கள். பணக்கார ஆங்கிலேய வேட்டைக்காரர்களுக்காக லண்டன் கடைகள் உடனே .465, .470 என்று புதுப்புது அளவுகளைச் செய்தன. யானை, காட்டெருமை வேட்டை ரைபிள்களில் இத்தனை விசித்திரமான எண்கள் இருப்பதற்கு நம் நாட்டுச் சட்டமும் ஒரு காரணம்.

சாதாரண ஆட்களுக்குக் கிடைத்தது .315. ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய 8 மில்லிமீட்டர் தோட்டாதான் அது. அங்குலத்தில் பெயர் மாற்றினால் .315. ராணுவ .303-இன் அதே தாழ்ப்பாள் அமைப்பில் இந்தத் தோட்டாவுக்கு ஏற்ற குழலைப் பொருத்தினார்கள். பிறகு கல்கத்தா பக்கம் இஷாப்பூரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையே இதைச் செய்து விற்றது. ஜமீன்தார், எஸ்டேட் மேனேஜர், தோட்டப்பயிரைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்த விவசாயி என்று நம் பக்கத்தில் ரைபிள் வைத்திருந்தவர்கள் பலரிடம் இருந்தது இந்த முந்நூற்றுப் பதினைந்துதான். உங்கள் வீட்டுப் பரணில் ரைபிள் இருந்தால் இதுவாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஒரு வேடிக்கை. வெள்ளையர் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர்கள் போட்ட அந்தப் பிரிவினை இன்னும் இருக்கிறது. இன்றும் .303 தடைசெய்யப்பட்ட போர், .315 தடைசெய்யப்படாத போர்.

தமிழ்நாட்டுக் காடுகளின் ஆட்கொல்லிக் கதை என்றால் கென்னத் ஆண்டர்சனையும் சொல்ல வேண்டும். பெங்களூர்க்காரர். சேலம், தருமபுரிப் பக்கக் காடுகளையெல்லாம் கால்நடையாகவே அறிந்தவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அது தாழ்ப்பாள் ரகம் இல்லை, விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்றும் அமெரிக்க ரகம். கார்பெட்டின் ரிக்பியை ஆண்டர்சன் கையில் கொடுத்துப் படம் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வேட்டை முடிந்த கதை

கார்பெட் தன் பிற்காலத்தில் ரைபிளைவிடச் சினிமா கேமராவைத்தான் அதிகம் தூக்கினார். புலிகள் குறைவதை முதலில் கண்டுகொண்டவர்களில் அவர் ஒருவர். நம் நீலகிரியிலும் வேட்டைக்காரர்களே 1877-இல் ஒரு சங்கம் வைத்து, வேட்டைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். 1879-இல் அதற்கென்றே நீலகிரிக்கு ஒரு சட்டம் வந்தது. வரையாடு இன்று மிச்சம் இருப்பதில் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் புலிகள் பாதுகாப்புத் திட்டம், கார்பெட்டின் பெயர் தாங்கிய பூங்காவிலேயே தொடங்கியது. தாத்தாவின் ரைபிளுக்கு இருந்த வேலை அதோடு முடிந்தது. அது பரணுக்குப் போனது.

கார்பெட் 1947-இல் கென்யாவுக்குப் போய், 1955-இல் அங்கேயே காலமானார். அவருடைய ரிக்பி, அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் வசம் பல வருடம் இருந்தது. பிறகு செய்த கடையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2016-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கார்பெட் உருவாக்கிய சோட்டி ஹல்த்வானி கிராமத்து மக்களுக்குக் காட்டினார்கள்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால்

இப்போது நடைமுறைக்கு வருவோம். சட்டம் தெரிந்தவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள், விவரத்துக்கு அவர்களைக் கேளுங்கள். அடிப்படைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. லைசென்ஸ் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. தாத்தாவோ அப்பாவோ காலமானால் அவர் லைசென்ஸும் அவரோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் சும்மா இருந்தாலும், உங்கள் பெயரில் லைசென்ஸ் இல்லையென்றால் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

இரண்டு. “நூறு வருடப் பழசு, காட்சிப்பொருள்” என்பது பதிலாகாது. பழமையான ஆயுதங்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது, ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான். மேலே சொன்ன மவுசர் ரக ரைபிள் நூறு வயதிலும் நன்றாகவே சுடும்.

மூன்று. உடனே செய்ய வேண்டியது, காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குவது. சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒப்படைத்ததால் துப்பாக்கி போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கி மீட்டுக்கொள்ளலாம், லைசென்ஸ் உள்ள வேறு ஒருவருக்கு முறைப்படி விற்கலாம். மாவட்டங்களில் கலெக்டரிடமும், பெருநகரங்களில் போலீஸ் கமிஷனரிடமும் மனுச் செய்ய வேண்டும்.

நான்கு. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுவது உத்தமம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, தன் சட்டப்படியான வாரிசுகளில் ஒருவருக்கு மாற்றக் கேட்கலாம். நாமினி போடச் சொல்லி கவுண்டரில் எத்தனையோ பேரிடம் சொன்ன அதே புத்திமதிதான் இது.

ஐந்து. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்ததற்கும் இதே கணக்கு.

ஆறு. வங்கி லாக்கரில் வைத்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டவிரோதமான, ஆபத்தான பொருள்களை வைக்கக் கூடாது என்பது லாக்கர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வீட்டிலும் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். நம் குடியிருப்பில் மாலை ஆறு மணிக்கு எத்தனை குழந்தைகள் வீடு வீடாக ஓடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பழைய துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் வேலையையும் நீங்கள் செய்யாதீர்கள், பேரனையும் செய்ய விடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்ப்பார்கள்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அந்தச் சமயத்தில்தான் பல வீடுகளில் “அப்பா துப்பாக்கி என்ன ஆச்சு?” என்ற கேள்வியே எழுகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம்.

குறி தவறிய துப்பாக்கியால் ஒரு புலி என்ன ஆனது என்று பார்த்தோம். காகிதம் தவறிய துப்பாக்கியால் ஒரு குடும்பம் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். துப்பாக்கி இருந்தால் முதலில் லைசென்ஸ் புத்தகம் எங்கே என்று கேளுங்கள், கதையைப் பிறகு கேட்கலாம். கதை நன்றாக இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.